அப்பா இறங்கிப் பார்க்காத கட்டடங்கள்

அப்பா 31 வருடம் பஸ் ஓட்டினார். நேசமணி போக்குவரத்துக் கழகம் என்று பேர் இருந்த காலத்தில் வேலைக்குச் சேர்ந்து, 2016-இல் ஓய்வு பெற்றார். கடைசிப் பத்துப் பன்னிரண்டு வருடம் நாகர்கோவில் வடசேரியில் இருந்து கேரள எல்லையில் உள்ள களியக்காவிளை போகிற வண்டி. ஒரு நாளைக்கு நாலு நடை, சில நாள் ஆறு.

போன மாதம் டிவியில் திருவிதாங்கூர் ராஜாக்களின் பழைய பத்மநாபபுரம் அரண்மனையைக் காட்டினார்கள். அப்பா காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தார். "இதுக்க உள்ள நான் போனதே இல்ல, கேட்டியா" என்றார். நான் நம்பவில்லை. தக்கலை ஸ்டாப்பில் இருந்து பிடித்தால் ஆட்டோவுக்கு ஐந்து நிமிடம். என்னையும் தம்பியையும் பள்ளிக்கூடத்தில் கூட்டிப் போயிருக்கிறார்கள், அம்மா மாதர் சங்கத்தோடு போய் வந்திருக்கிறாள். அப்பா மட்டும் போகவில்லை. லீவு கிடைத்தால் தூங்குவார், இல்லையென்றால் வயலுக்குப் போவார். கேட்கக் கேட்க லிஸ்ட் நீண்டுகொண்டே போனது. உதயகிரிக் கோட்டைக்குள் போனதில்லை. திருவிதாங்கோட்டுப் பள்ளி, அதாவது அந்தப் பழைய மாதா கோவில், பார்த்ததில்லை. நாகர்கோவில் மணிக்கூண்டான மணிமேடையைச் சுற்றி நடந்ததே இல்லை.

எனக்கு அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. சனிக்கிழமை காலை ஆறு மணிக்கு என்னுடைய பழைய ஆல்டோவை எடுத்தேன். அப்பா பக்கத்து சீட்டில். கண் ஆபரேஷனுக்குப் பிறகு அவர் ஓட்டுவதில்லை. ஆனால் நான் பிரேக் மிதிக்க வேண்டிய இடத்துக்கு ஒரு நொடி முன்னாலேயே அவருடைய வலது கால் தரையை அழுத்தும். "சவுட்டு, சவுட்டு" என்று வாய் தானாகச் சொல்லும்.

முதலில் மணிமேடை. நாகர்கோவிலில் அதைச் சுற்றாமல் எந்த வேலையும் நடக்காது, அதனாலேயே யாரும் அண்ணாந்து பார்ப்பதில்லை. சிக்னலையும் முன்னால் போகிற வண்டியையும்தான் பார்ப்போம். ஆறேகாலுக்கு அங்கே கூட்டம் இல்லை. ஓரமாக நிறுத்திவிட்டு இறங்கினோம்.

1893 பிப்ரவரியில் ஸ்ரீமூலம் திருநாள் மகாராஜா வந்து திறந்து வைத்த கோபுரம் அது. 3,000 ரூபாய்க்குக் கொஞ்சம் மேலே செலவு. மகாராஜா ஒரு பங்கு கொடுத்தார், மீதி ஊர்மக்கள் போட்ட பணம். உள்ளே இருக்கிற கடிகாரம் லண்டன் மிஷன் பாதிரியார் டதி கொடுத்தது. டதி ஸ்கூல் என்று இன்றும் சொல்கிறோமே, அந்தப் பேர். அப்பா கழுத்தை நிமிர்த்தி ரொம்ப நேரம் பார்த்தார். "டெப்போல ஒரு டைம் இருக்கும், கண்டக்டர் கையில ஒரு டைம் இருக்கும். இதுல என்ன காட்டுகோ அதத்தான் நாங்க வச்சுக்குவோம்" என்றார். அப்புறம் கோபுரத்தைச் சுற்றி நடந்தார். பஸ்ஸில் அவர் வருகிற பக்கம் எப்போதும் ஒன்றுதான், திரும்புகிற பக்கமும் ஒன்றுதான். மற்ற பக்கங்களைப் பார்க்கப் பார்க்க, தெரிந்த ஒருவருடைய வீட்டுக்குள் முதல்தடவை போகிற மாதிரி மெதுவாக நடந்தார்.

அங்கிருந்து ஹோம் சர்ச். எங்கள் சபை வேறு என்றாலும் கல்யாணங்களுக்கு வந்திருக்கிறோம். கல்யாணத்துக்கு வந்தால் கட்டடத்தை யார் பார்க்கிறார்கள்? காலையில் ஆளில்லாதபோதுதான் அந்தக் கருங்கல் சுவரின் கனம் தெரிந்தது. 1819-இல் அடிக்கல் போட்டது. மயிலாடியில் ரிங்கல்தௌபே தொடங்கிய மிஷன் வேலையை, அவர் போன பிறகு வந்த மீட் ஐயர் (வெள்ளைக்காரப் பாதிரியாரை எங்கள் பக்கம் ஐயர் என்பார்கள்) நாகர்கோவிலுக்குக் கொண்டுவந்தார். அடுத்த வருடமே இங்கே அச்சுக்கூடம் வந்தது. மீட் ஐயரின் மனைவி பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் வைத்தார்.

நான் அப்பாவை இங்கே கூட்டி வந்த காரணம் வேறு. பாட்டி, அதாவது அப்பாவின் அம்மா, லேஸ் பின்னினவள். நாகர்கோவில் லேஸ் 1820-களில் மால்ட் ஐயரின் மனைவி மார்த்தா அம்மையார் பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுத்ததில் இருந்து வந்தது. அடிமைகளாக இருந்த குடும்பங்களின் பிள்ளைகள் லேஸ் பின்னிய காசைக் கொடுத்துத் தங்களை மீட்டுக்கொண்டார்கள். மேலாடை போட்டதற்காகப் பெண்களைத் தெருவில் அடித்த காலம் அது. மேலாடை போட அனுமதித்து அரசாணை வந்தது 1859-இல்தான். அந்தக் காலத்தில் நூலால் சம்பாதித்து விடுதலை வாங்கியிருக்கிறார்கள் என்று நினைக்கும்போது எனக்கு இன்றும் உடம்பு சிலிர்க்கிறது.

பாட்டியின் கைவேலையை நான் பார்த்திருக்கிறேன். உருண்டைத் தலையணை ஒன்றை மடியில் வைத்து, மேலே மாதிரித் தாளைக் குத்தியிருப்பாள். விரல் நீளத்துக்கு மரக்கட்டைகள், ஒவ்வொன்றிலும் நூல். இரண்டிரண்டாக எடுத்து மாற்றி மாற்றிப் போடுவாள். கட்டைகள் ஒன்றோடொன்று முட்டுகிற சத்தம், ஓட்டில் மழைத்துளி விழுகிற மாதிரி இருக்கும். ஒவ்வொரு பின்னலுக்கும் ஒரு குண்டூசி. பார்வை மங்கிய பிறகும் ஊசி எங்கே குத்த வேண்டும் என்று அவள் விரலுக்குத் தெரியும். அப்பா சர்ச் படியில் உட்கார்ந்து, "அம்மைக்க லேஸ்ல ஒரு துண்டு பெட்டில கிடக்குல்லா?" என்று கேட்டார். கிடக்கிறது. ஒரு சாண் நீளம்.

கோட்டாறு போகும்போது ஏழரை ஆகிவிட்டது. கோட்டாறு சவேரியார் கோவிலில் அப்பாவுக்கு நினைவு வருவது திருவிழா ஸ்பெஷல். டிசம்பர் 3 வரை பத்து நாள், நேரம் காலம் இல்லாமல் ஓட்ட வேண்டும். சவேரியார் 1540-களில் இந்தக் கடற்கரையெல்லாம் நடந்தவர். அவர் பேரில் இருக்கிற இந்தக் கோவில் 1600-இல் எழும்பி, பிறகு பலமுறை பெரிதானது. உள்ளே தேவசகாயம் பிள்ளையின் கல்லறை இருக்கிறது. நட்டாலத்தில் பிறந்த நீலகண்ட பிள்ளை, பத்மநாபபுரத்தில் அரசு வேலை பார்த்தவர், 1745-இல் கிறிஸ்தவரானார். 1752 ஜனவரி 14-ஆம் தேதி ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் சுட்டுக் கொன்றார்கள். 2022 மே மாதம் புனிதர் பட்டம் கொடுத்தார்கள். அவரை மனம் மாற்றியவர் யார் என்பதை மத்தியானம் பார்க்கப் போகிறோம் என்று அப்பாவிடம் சொல்லி வைத்தேன்.

கோவிலை விட அன்று எங்களைப் பிடித்து நிறுத்தியது கம்போளம்தான். கோட்டாறு இரண்டாயிரம் வருடச் சந்தை. கிரேக்கர் தாலமி எழுதி வைத்த ஊர்ப்பேர்களில் இதுவும் உண்டு. இன்றும் அரிசி மூட்டையும் மிளகாய் வற்றலும் கருப்பட்டியும் அந்தச் சின்னத் தெருவில்தான் இறங்குகின்றன. நாங்கள் போனபோது ஒரு பழைய கடையைத் திறந்துகொண்டிருந்தார் ஒரு அண்ணாச்சி. ஷட்டர் கிடையாது, நிரைப்பலகை. ஒவ்வொரு பலகையின் தலையிலும் உளியால் வெட்டிய எண் இருந்தது. கடைசிப் பலகையை முதலில் உருவி, மேல் காடியில் தூக்கி, கீழ்க் காடியில் இருந்து விடுவித்து, சுவர் ஓரம் சாய்த்தார். பலாப் பலகை. கை பட்டுப் பட்டு விளிம்பு மழுங்கி மினுமினுப்பாக இருந்தது. "வரிசை மாறினா கேறாது" என்றார். ஆறாம் பலகை ஐந்தின் இடத்தில் ஏறவே ஏறாதாம். அப்பாவும் ஒரு பலகையைப் பிடித்துக் கொடுத்தார். இந்த மாதிரிக் கடைகள் நான் சின்னப் பிள்ளையாக இருந்தபோது தெரு முழுக்க இருந்தன. இப்போது விரல்விட்டு எண்ணலாம். ஒரு அரண்மனையைக் காப்பாற்ற அரசாங்கம் இருக்கிறது, நிரைப்பலகைக் கடையைக் காப்பாற்ற அந்த அண்ணாச்சி மட்டும்தான் இருக்கிறார்.

நாகராஜா கோவிலில் அதிக நேரம் இல்லை, நல்ல கூட்டம். ஊருக்குப் பேர் கொடுத்த கோவில், ஆனால் கருவறைக்கு மேலே இன்றும் ஓலைக்கூரை. வருடா வருடம் ஆடியில் புதிதாக வேய்கிறார்கள். மண்டபத் தூணில் பார்சுவநாதரும் மகாவீரரும் இருக்கிறார்கள், ஒருகாலத்தில் இது சமணப் பள்ளி. அப்பா மகாவீரர் தூணுக்கு முன்னால் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்.

வடிவீஸ்வரம் தெருவுக்குள் நான் வேண்டாம் என்றுதான் சொன்னேன். அப்பா கேட்கவில்லை. அவரோடு பதினேழு வருடம் ஒரே வண்டியில் வேலை பார்த்த கண்டக்டர் மாமாவின் வீடு அங்கே இருந்தது. அழகம்மன் கோவிலுக்குப் பக்கம், தெரு நெடுகத் திண்ணை வைத்த ஓட்டு வீடுகள். மாமா வீட்டுத் திண்ணையில் இரண்டு மரத்தூண், உள்ளே நடுமுற்றம், மழை பெய்தால் நாலு பக்கத்து ஓட்டில் இருந்தும் தண்ணீர் விழுந்து செம்பு அண்டாவில் நிறையும். இரவு கடைசி நடை முடிந்து வீட்டுக்கு வண்டி கிடைக்காத நாளில் அப்பா அந்தத் திண்ணையில்தான் படுப்பார். மாமா இறந்த பிறகு பிள்ளைகள் விற்றுவிட்டார்கள். வாங்கினவர்கள் மூன்று நாளில் இடித்தார்கள். கதவையும் தூணையும் பழைய சாமான் வியாபாரி கொண்டுபோனார். இப்போது அந்த இடத்தில் காம்பவுண்டுச் சுவரும் நாலு பைக்கும். அப்பா இறங்கவில்லை. கண்ணாடியைக் கூட இறக்கவில்லை. "போ மக்ளே" என்றார். அந்தப் பிள்ளைகளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. ஓடு மாற்றவும் உத்தரத்தில் கரையான் எடுக்கவும் ஆகிற செலவு எனக்குத் தெரியும். ஆனாலும் அந்த முற்றத்தை ஒரு படமாவது எடுத்து வைக்காமல் விட்டோமே என்பது உறுத்திக்கொண்டே இருக்கிறது.

வடசேரியில் ரசவடையும் சாயாவும். அதற்குப் பிறகு அப்பாவுக்கு உற்சாகம் வந்துவிட்டது, அது அவருடைய ரோடு. பார்வதிபுரத்தில் மேம்பாலத்தில் ஏறப் போனேன். "கீழ போ, கீழ போ. இது நான் இறங்கினதுக்கு அப்புறம் வந்தது" என்றார். சுங்கான்கடையில் ரோட்டோரம் அடுக்கியிருந்த மண்பானைகள், வில்லுக்குறி வளைவு, எல்லாவற்றுக்கும் அவரிடம் கதை இருந்தது. எந்த வளைவில் எந்த வருடம் எந்த வண்டி உரசியது, எந்த ஸ்டாப்பில் பூக்காரி தினமும் ஏறுவாள் என்பதெல்லாம்.

புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை. ரோட்டில் இருந்தே சுவர் தெரியும். உள்ளே இப்போது வனத்துறையின் பூங்கா, மானும் பறவைக்கூண்டும் குழந்தைகளும். நாங்கள் நேராக டிலனாய் கல்லறைக்குப் போனோம். கூரை இல்லாத பழைய சிற்றாலயம், சுவர் பாதி நிற்கிறது. 1741-இல் குளச்சலில் டச்சுக்காரர்களை மார்த்தாண்ட வர்மா தோற்கடித்தபோது பிடிபட்டவர் டிலனாய். மகாராஜா அவரைக் கொல்லவில்லை, தன் படைக்குப் பயிற்சி கொடுக்கச் சொன்னார். தளபதியாகவே ஆனார் அவர். இந்தக் கோட்டையைக் கட்டிப் பலப்படுத்தினார், பீரங்கி வார்க்கும் உலை வைத்தார், கடற்கரையில் வட்டக்கோட்டையைச் சீரமைத்தார். 1777-இல் இங்கேயே இறந்தார். கல்லறைப் பலகையில் லத்தீனும் தமிழும் வெட்டியிருக்கிறார்கள். போரில் இறந்த மகனும் மனைவியும் பக்கத்திலேயே.

நீலகண்ட பிள்ளைக்குக் கிறிஸ்துவைப் பற்றிச் சொன்னவர் இவர்தான் என்று அப்பாவிடம் சொன்னேன். அப்பா பலகையின் தமிழ் எழுத்துகளை விரலால் தடவிக்கொண்டிருந்தார். "ரெண்டுபேரும் கூட்டுக்காரங்களா?" என்றார். ஆமாம். ஒருவர் இங்கே, ஒருவர் கோட்டாற்றில். நடுவில் அப்பா ஆயிரக்கணக்கான தடவை ஓட்டிய ரோடு. "எனக்கு வண்டில ஒருத்தனும் சொல்லலியே" என்றார், உண்மையான வருத்தத்தோடு.

அரண்மனையில் மத்தியானம் ஒரு மணி நேரம் டிக்கெட் கொடுப்பதில்லை. திங்கட்கிழமை முழுநாளும் மூடல். போக நினைப்பவர்கள் இதை மறக்க வேண்டாம். நாங்கள் பன்னிரண்டுக்குள் போய்விட்டோம். தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் இதைப் பராமரிப்பது கேரள அரசு. 1956 நவம்பர் 1-ஆம் தேதி குமரி நம்மோடு சேர்ந்தது, அரண்மனை மட்டும் அவர்கள் கையில் நின்றது. எனக்கு அதில் குறை இல்லை. பார்த்துப் பார்த்து வைத்திருக்கிறார்கள். களியக்காவிளை வண்டி ஓட்டிய அப்பாவுக்கு மலையாளம் தண்ணீர்பட்ட பாடு. பத்து நிமிடத்தில் காவலாளி ஒருவர் சிநேகிதமாகிவிட்டார்.

செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். இங்கேதான் நான் அன்று பார்த்ததிலேயே பெரிய காட்சியைப் பார்த்தேன். முகப்பு மண்டபமான பூமுகத்தின் மர விதானத்தில் 90 தாமரைப் பூக்கள் செதுக்கியிருக்கிறார்கள், ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை. எல்லோரும் மேலே பார்த்தார்கள். அப்பா கீழே பார்த்தார். உள்ளே போகப் போக அந்தக் கறுப்புத் தரை. சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டையின் வெள்ளை எல்லாம் சேர்த்து இழைத்தது என்று சொல்கிறார்கள். முகம் தெரிகிற பளபளப்பு, மத்தியான வெயிலிலும் கிணற்றுத் தண்ணீர்க் குளிர்ச்சி. அப்பாவின் வலது பாதத்தின் முன்பகுதி முழுக்கக் காய்ப்பு. பிரேக்கும் ஆக்சிலேட்டரும் கொடுத்தது. எஞ்சின் சூட்டில் முப்பது வருடம் வெந்த பாதம். அதை அந்தத் தரையில் வைத்து, எடுத்து, மறுபடி வைத்தார். "கொள்ளாம்" என்றார் மெதுவாக. தாய்க்கொட்டாரத்தின் தூண், மந்திரசாலையின் மங்கல் வெளிச்சம், இரண்டாயிரம் பேர் உட்கார்ந்து சாப்பிடுகிற ஊட்டுப்புரை, எங்கே போனாலும் அவர் கால்தான் முதலில் பார்த்தது.

உப்பரிகை மாளிகையில் நின்று நவராத்திரி எழுந்தருளலைப் பற்றிச் சொன்னார். ராஜாவின் உடைவாளை இங்கே கைமாற்றிக் கொடுத்த பிறகுதான் ஊர்வலம் கிளம்பும். இங்குள்ள சரஸ்வதி யானை மேல், வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையும் கூடவே, திருவனந்தபுரம் வரை. தலைநகரம் அங்கே மாறிப்போன பிறகும் சாமிகள் வருடா வருடம் போய் வருகின்றன. "யானைக்குப் பின்னால மூணு மணிக்கூறு முதல் கியர்ல போயிருக்கேன். அன்னைக்கு மட்டும் லேட்டுன்னு ஒருத்தரும் கேக்க மாட்டாங்க."

தக்கலையில் பீர்முகம்மது அப்பா தர்காவில் சற்று நின்றோம். தமிழில் ஞானப்பாடல் பாடிய சூஃபி அவர், அப்பாவின் பயணிகளில் பாதிப்பேர் நேர்ந்துகொண்டு இறங்குகிற இடம். பிறகு திருவிதாங்கோடு. ஒரு ராஜ்ஜியத்துக்கே பேர் கொடுத்த ஊர், இன்று அமைதியான கிராமம். அரைப்பள்ளி என்று சொல்கிற மாதா கோவிலை கி.பி. 63-இல் தோமையார் எழுப்பினார் என்பது அவர்கள் வழிவழியாகச் சொல்லிவருகிறது. பெரிய கோபுரம் எதிர்பார்த்துப் போகிறவர்கள் ஏமாறுவார்கள். தாழ்ந்த, குறுகிய கல்கட்டடம், கோவில் மண்டபம் போலவே இருக்கிறது. உள்ளே இருட்டு கண்ணுக்குப் பழகுகிறவரை அப்பா என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

திரும்பும்போது ஆறு மணி. புலியூர்க்குறிச்சிக்கு முன்னால் ஒரு பஸ் பின்னால் வந்து ஹாரன் அடித்தது. "விட்டுக்கொடு, அவனுக்கு டைம்" என்றார் அப்பா. ஒதுங்கினேன். கோட்டைச் சுவரை ஒட்டி அது எங்களைத் தாண்டியது. சுவரில் மஞ்சள் வெயில் அப்போதுதான் விழுந்திருந்தது. ஜன்னலோரம் இரண்டு மூன்று பேர் அந்தப் பக்கம் பார்த்தார்கள். டிரைவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அவன் திரும்ப மாட்டான்" என்றார் அப்பா. "வளைவு வருதுல்லா."